ஆய்வறிக்கையை எழுதியவரைக் கூண்டுக்கு அழையுங்கள்: அமர்வு நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அமர்வு நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை விசாரிக்கும் மதிப்பிற்குரிய நீதிபதிகளுக்கு,

வணக்கம்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் உங்கள் மேசைக்கு வரும் வழக்குக் கட்டில் எங்கள் துறையிலிருந்து வரும் காகிதம் ஒன்று இருக்கிறது. தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கையைச் சொல்கிறேன். இன்னின்ன பொருட்கள் வந்தன, முத்திரை உடையாமல் இருந்தது, இன்னது கண்டறியப்பட்டது, இன்னாருடையதோடு பொருந்துகிறது. அதன் கீழே கையெழுத்தும் முத்திரையும். பல வழக்குகளில் அவ்வளவுதான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவும், அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை அவர் நேரில் வராமலே சான்றாக ஏற்க இடம் தருகின்றன. அதே பிரிவில் இரண்டாவதாக ஓர் உட்பிரிவு உண்டு. நீதிமன்றம் தகுந்ததென்று கருதினால், அந்த நிபுணரை அழைத்து அறிக்கையைப் பற்றி விசாரிக்கலாம். அந்த இரண்டாவது உட்பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஒருவரை ஆயுள் முழுக்கச் சிறைக்கோ தூக்குக்கோ அனுப்பக்கூடிய எந்த வழக்கிலும், அறிக்கையை எழுதியவர் கூண்டுக்கு வராமல் அந்த அறிக்கையைத் தீர்ப்புக்கு அடிப்படையாக்காதீர்கள். வந்தபின், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு முக்கியக் காரணம் ஒரு தீ.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற ஊரில், 1991 டிசம்பர் 23 அன்று ஒரு வீடு எரிந்தது. உள்ளே இருந்த மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். மூத்தவளுக்கு இரண்டு வயது, இரட்டையர்களான மற்ற இருவருக்கும் ஒரு வயது. வெளியே ஓடிவந்து பிழைத்த தந்தை காமரான் டாட் வில்லிங்ஹாம்மீது கொலை வழக்குப் போட்டார்கள். எரிந்த வீட்டைப் பார்த்த தீ விசாரணை அதிகாரிகள், இது வைத்த தீ என்பதற்கு இருபது அடையாளங்களைக் கண்டதாகச் சொன்னார்கள். தரையில் குட்டை குட்டையாகக் கருகியிருந்தது, அதனால் யாரோ எரிபொருளை ஊற்றியிருக்கிறார்கள் என்றார்கள். ஜன்னல் கண்ணாடி சிலந்தி வலை போல விரிசல் விட்டிருந்தது, அதனால் சாதாரணத் தீயைவிட வேகமாகச் சூடேறியிருக்கிறது என்றார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தீ தொடங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். முதன்மை அதிகாரி, தான் விசாரித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவிபத்துகளில் ஏறத்தாழ எல்லாமே வைத்த தீதான் என்றும் சாட்சியம் சொன்னார். அதை அனுபவத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பார்த்த தீயெல்லாம் வைத்த தீயாகவே ஒருவருக்குத் தெரிகிறது என்றால் அவர் பார்க்கும் முறையில் ஏதோ பிழை இருக்கிறது என்று யாரும் எழுந்து சொல்லவில்லை.

சிறையில் உடனிருந்த ஒருவர், வில்லிங்ஹாம் தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். பின்னாளில் அவர் அதை மாற்றிப் பேசினார். ஆனால் தீ பற்றிய சாட்சியம் இல்லையென்றால் அங்கே கொலையே இல்லை, விபத்து மட்டும்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு விடுகிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னபோது வில்லிங்ஹாம் மறுத்தார். விசாரணை இரண்டு நாளில் முடிந்தது. ஜூரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வந்தது.

இப்போது அந்த அடையாளங்களை எங்கள் துறையின் கண்ணோடு பாருங்கள். மூடிய அறையில் தீப்பிடித்தால், சூடான புகையும் வாயுக்களும் கூரைக்கடியில் தேங்கும். அங்கிருந்து வெப்பம் கீழ்நோக்கிப் பாய்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அறையில் உள்ள எல்லாம், தரைவிரிப்பு உட்பட, ஒரே நேரத்தில் தீப்பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு காற்று எந்த வாசல் வழியே வருகிறதோ அங்கெல்லாம் தரை ஆழமாகக் கருகும். பெட்ரோல் ஒரு சொட்டுகூட இல்லாமல், ஊற்றியது போன்ற குட்டைகள் தரையில் தோன்றும். ஒரே தீ பல இடங்களில் தொடங்கியது போலவும் தெரியும்.

இது அப்போதே நிரூபிக்கப்பட்டிருந்தது. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் நடந்த வேறொரு தீ வழக்கில், அரசுத் தரப்புக்காக வேலை செய்த ஜான் லென்டினி, ஜான் டீஹான் என்ற இரு நிபுணர்கள், எரிந்த வீட்டின் அருகிலேயே அதே மாதிரியான வீடு ஒன்றை எரித்துப் பார்த்தார்கள். சோஃபாவில் மட்டும் தீ வைத்தார்கள், எரிபொருள் எதுவும் ஊற்றவில்லை. அறை முழுவதும் பற்றிக்கொள்ள நெடுநேரம் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் பற்றிக்கொண்டது. எந்த அடையாளங்களை வைத்து அந்த வீட்டுக்காரரைக் குற்றவாளி என்றார்களோ, அதே அடையாளங்கள் சோதனை வீட்டிலும் இருந்தன. வழக்கு கைவிடப்பட்டது. இது நடந்தது கோர்சிகானா வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே. கண்ணாடி விரிசலும் அப்படித்தான். சூடான கண்ணாடிமீது தீயணைப்பு வீரர்கள் நீர் அடிக்கும்போது சட்டென்று குளிர்வதால் வருவது அது. கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் மலைப்பகுதியில் 1991இல் எரிந்த வீடுகளை ஆராய்ந்தபோதும் பிறகு செய்த சோதனைகளிலும் தெரியவந்தது இதுதான்.

வில்லிங்ஹாம் வீட்டிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஒன்றே ஒன்றில்தான் எரிபொருளின் தடயம் கிடைத்தது. அது முன்வாசலருகே எடுத்தது. அங்கே கரி அடுப்பு ஒன்று இருந்தது, அதைப் பற்றவைக்கும் திரவமும் இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு இருந்த சமையலறையில் மண்ணெண்ணெய்த் தடயம் கிடைத்தது என்று ஓர் அறிக்கை உங்கள் முன் வந்தால், அது எதை நிரூபிக்கிறது என்று நீங்கள் தயங்குவீர்கள் இல்லையா? அந்தத் தயக்கம் அங்கே யாருக்கும் வரவில்லை.

ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர் கட்டணம் வாங்காமல் இந்த வழக்கை ஆராய்ந்து, வைத்த தீ என்பதற்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று அறிக்கை எழுதினார். தண்டனை நாளுக்குச் சில நாட்கள் முன்பு அது ஆளுநர் அலுவலகத்துக்கும் மன்னிப்பு வாரியத்துக்கும் போனது. யாரும் நிறுத்தவில்லை. 2004 பிப்ரவரி 17 அன்று வில்லிங்ஹாமுக்கு விஷ ஊசி போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அதே டெக்சாஸில், ஏறத்தாழ இதே வகை அடையாளங்களை நம்பி மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த எர்னஸ்ட் வில்லிஸ் விடுதலையானார். அவருடைய வழக்கையும் ஆராய்ந்து சொன்னது அதே ஹர்ஸ்ட்தான். ஒருவரது வழக்கில் அறிவியலைக் கேட்டார்கள், இன்னொருவரது வழக்கில் கேட்கவில்லை. நடுவே எட்டு மாதம். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோர்சிகானா அதிகாரி கூண்டில் ஏறினார், குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டார். ஆனால் உங்கள் முறை சோதித்துப் பார்க்கப்பட்டதா, எத்தனை முறை தவறியது என்று அவரைக் கேட்கும் அளவுக்கு அந்த அறையில் யாருக்கும் விஷயம் தெரியவில்லை. அதனால்தான் அழைப்பதோடு கேட்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் மாணவர் விடையை மட்டும் எழுதி நோட்டை நீட்டினால், விடை சரியாகவே இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டோம். அளவீடு எங்கே, எத்தனை முறை செய்தாய், வெறும் கரைசலை வைத்துச் சோதித்தாயா, கணக்கு எங்கே என்று கேட்போம். முதலாம் ஆண்டு மாணவரிடம் கேட்பதை, ஒரு மனிதரின் ஆயுளைத் தீர்மானிக்கும் அறிக்கையிடம் கேட்கக் கூடாதா?

நீதிமன்றங்கள் கேட்காமல் விட்டதால் எவ்வளவு பெரிய சேதம் வரும் என்பதற்கு முடி ஒப்பீட்டைச் சொல்லலாம். குற்ற இடத்தில் கிடைத்த முடியை நுண்ணோக்கியில் பார்த்து, இது இவருடையதோடு ஒத்துப்போகிறது என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் பல்லாண்டு காலம் சாட்சியம் சொன்னார்கள். முடியைப் பார்த்து ஆளைச் சொல்ல அந்த முறையால் முடியாது. 2015இல் எஃப்.பி.ஐ.யே தன் பழைய வழக்குகளைத் திரும்பிப் பார்த்து அறிவித்தது: குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக முடிச் சாட்சியம் சொல்லப்பட்டு, அதுவரை ஆராயப்பட்ட 268 வழக்குகளில் 257இல் நிபுணர்கள் தவறாகப் பேசியிருக்கிறார்கள். அவற்றில் மரண தண்டனை வழக்குகளும் உண்டு. தவறு நேர்ந்த மரண தண்டனை வழக்குகளில் 9 பேருக்கு அதற்குள் தண்டனை நிறைவேறிவிட்டது. அந்த நிபுணர்களில் பெரும்பாலோர் பொய் சொல்ல நினைத்தவர்கள் இல்லை. தங்கள் கண்ணை நம்பினார்கள், அவர்களை நீதிமன்றம் நம்பியது.

எண்கள் வந்துவிட்டால் இன்னும் ஆபத்து. இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த சாலி கிளார்க் என்ற தாய்க்கு 1999இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். இரண்டுமே இயற்கை மரணமாக இருக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்று மருத்துவ நிபுணர் ஒருவர் சொன்னார். அந்த எண் எப்படி வந்தது? 8,543இல் ஒன்று என்பதை அதே எண்ணால் பெருக்கினார்கள், அவ்வளவுதான். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே மரபு, ஒரே வீடு என்னும்போது இரண்டு மரணங்களையும் சம்பந்தமில்லாதவையாக வைத்துப் பெருக்கக் கூடாது. அரசப் புள்ளியியல் கழகமே வெளிப்படையாகக் கண்டித்து எழுதியது. குழந்தை ஒன்றின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு பின்னால்தான் வெளிவந்தது. 2003இல் விடுதலையானவர் 2007இல் இறந்துபோனார்.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று தோன்றலாம். தேனி மாவட்டம் சுருளி அருவிக்கு வாருங்கள்.

2011இல் அங்கே சென்ற ஓர் இளம் பெண்ணும் அவருடைய நண்பரும் கொலை செய்யப்பட்டார்கள். அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் உள்ளானார். கைதான ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் 2018இல் தூக்குத் தண்டனை விதித்தது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் உறுதி செய்தது. டிஎன்ஏ அறிக்கை முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உடலிலிருந்து எடுத்த மாதிரிகள் எப்போது யார் கையில் இருந்தன, எங்கே வைக்கப்பட்டன என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு இல்லை. அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புவதில் நேர்ந்த தாமதத்துக்கு விளக்கம் இல்லை. மாதிரியில் வேறெதுவும் கலக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. டிஎன்ஏ சோதனை அறிவியலின் மிக உறுதியான சாதனைகளில் ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் சோதனைக் குழாய்க்குள் எதைப் போட்டோமோ அதைப் பற்றித்தான் அது பேசும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஏழு ஆண்டுகள் தூக்குக் கயிற்றை நினைத்துக்கொண்டே தூங்கி எழுந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு, 14 ஆண்டுகள் கழித்து, கொன்றது யார் என்பதற்குச் சட்டத்திடம் விடை இல்லை. மாதிரிகளை எடுத்த மருத்துவரையும் சுமந்து சென்ற காவலரையும் சோதித்த அறிவியலாளரையும் இந்தக் கேள்விகளோடு தொடக்கத்திலேயே மடக்கியிருந்தால், ஓட்டை தேனியிலேயே தெரிந்திருக்கும். அப்போது சரிசெய்ய ஏதேனும் மிச்சம் இருந்திருக்கலாம்.

டெல்லி சாவ்லா பகுதியைச் சேர்ந்த இளம் பெண் ஒருவரைக் கடத்திக் கொன்ற வழக்கிலும் இதே நிலைதான். 2012 பிப்ரவரி மத்தியில் எடுத்த மாதிரிகள் பத்து நாட்களுக்கு மேல் காவல் நிலையக் கிடங்கில் கிடந்து 27ஆம் தேதிதான் ஆய்வகத்துக்குப் போயின. மூன்று பேருக்குத் தூக்கு. 2022இல் மூவரும் விடுதலையானபோது உச்ச நீதிமன்றம் சொன்னது, டிஎன்ஏ அறிக்கையின் அடிப்படை என்ன, அந்த முறைகளை நிபுணர் நம்பகமாகக் கையாண்டாரா என்பதை விசாரணை நீதிமன்றமும் பார்க்கவில்லை, உயர் நீதிமன்றமும் பார்க்கவில்லை என்று. நான் கேட்பதும் அதைத்தான்.

சுருளி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சில உத்தரவுகள் போட்டது. டிஎன்ஏ மாதிரி எடுக்கும்போதே வழக்கு விவரங்களோடு முறையாகப் பொதிய வேண்டும். மருத்துவரும் புலனாய்வு அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட்ட ஆவணம் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் பொதியைத் திறக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவேடு வழக்கு முடியும்வரை பராமரிக்கப்பட்டு, வழக்குக் கட்டோடு சேர வேண்டும். அந்தப் பதிவேடு கட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால், வாதம் முடியும்வரை காத்திருக்காமல் அன்றே கேளுங்கள்.

இன்னொரு விஷயமும் உங்கள் கவனத்துக்கு. ஆய்வகத்துக்குப் பொருட்கள் போகும்போது வழக்கின் கதையும் கடிதத்தில் கூடவே போகிறது. படிப்பவர் மனிதர்தான். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த கைரேகையை, அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொல்லி அவரைக் கைது செய்தார்கள். ஸ்பெயின் காவல்துறை அது அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தது. அதன் பிறகு இதியேல் திரோர் என்ற ஆய்வாளர் ஐந்து கைரேகை நிபுணர்களிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை, இவைதான் அந்த மேஃபீல்டு ரேகைகள் என்று சொல்லிக் கொடுத்தார். நான்கு பேர் தங்கள் பழைய முடிவிலிருந்து மாறினார்கள். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த கதை மாறியது. எனவே நிபுணர் வந்தால், சோதனைக்கு முன் உங்களுக்கு வழக்கைப் பற்றி என்னென்ன சொல்லப்பட்டிருந்தது என்றும் கேளுங்கள்.

329ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அழைக்கப்பட்ட நிபுணரால் வர முடியாவிட்டால், விவரம் தெரிந்த வேறோர் அதிகாரியை அனுப்பலாம், நீதிமன்றம் நேரில்தான் வர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தால் தவிர. அந்த உத்தரவைப் போடுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது நினைவில் இருக்கட்டும். சோதித்தவர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்த மாநிலத்துப் போதைப்பொருள் வழக்கு ஒன்றில்தான். அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, அங்கே ஓர் அரசு ஆய்வகத்தில் வேலை செய்த அன்னி டூக்கான் என்ற வேதியியலாளர், பல மாதிரிகளைச் சோதிக்காமலே, கண்ணால் பார்த்தே முடிவு எழுதிவந்தது அம்பலமானது. கூடப் பணியாற்றியவர்களைவிட மிக அதிகமான மாதிரிகளை முடித்துத் தந்ததால் அவர் நல்ல பெயரும் வாங்கியிருந்தார். 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் ரத்தாயின.

இப்படி எல்லோரையும் அழைத்தால் ஆய்வகம் எப்போது வேலை செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்று புதிய சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும் அறிக்கைகள் குவியப்போவது நிச்சயம். ஆனால் அதே சட்டம் காணொளி வழியே சாட்சியம் சொல்லவும் இடம் தந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் அறிவியலாளர் தன் இருக்கையிலிருந்தே தூத்துக்குடி நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லலாம். எல்லா அறிக்கைக்கும் வேண்டாம். தண்டனை அந்த அறிக்கையில் தொங்குகிறது என்றால் கட்டாயம் வேண்டும்.

ஆய்வகத்தில் இருப்பவர்களை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் இந்தப் பணிக்கான முதல் ரசாயன ஆய்வுக்கூடம் 1849இல் அமைந்தது நம் சென்னையில்தான். என்னிடம் படித்தவர்களும் இந்தத் துறைக்குப் போயிருக்கிறார்கள். கவனமாக வேலை செய்த ஓர் அறிவியலாளருக்குத் தன் அளவீடுகளை விளக்கச் சொல்வது அவமானமாகாது. "பொருந்துகிறது" என்ற ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு நிச்சயமும் எவ்வளவு நிச்சயமின்மையும் இருக்கின்றன என்று சொல்ல அவருக்குக் கிடைக்கும் ஒரே இடம் உங்கள் நீதிமன்றம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏழைக் கைதியின் சட்ட உதவி வழக்கறிஞருக்கு ஓர் அறிவியல் அறிக்கையைப் படித்துக் காட்ட ஆள் கிடையாது. கோர்சிகானாவிலும் குறை அதுதான். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மாவட்ட முதன்மை நீதிபதியே தலைவர். வேதியியல், உயிரியல், புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். எங்கள் பெயர்களை ஒரு பட்டியலாக எடுத்து ஆணைக்குழு அலுவலகத்தில் வையுங்கள். ஆய்வக அறிக்கையும் அதன் மூல அளவீடுகளும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் கிடைக்க உத்தரவிடுங்கள். கட்டணம் வேண்டாம். அவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறோம். அரசு வழக்கறிஞர் கேட்டாலும் அதே உதவி உண்டு.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்